இருபது நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்
துவைக்க எடுக்கலாம் என்று வீட்டுக்காரரின் லாரிப் பையைக் கொட்டினேன். அடியில் பனியனில் சுற்றி ஒரு பெட்டி. நர்சு அருள்மொழி போன வாரம் தெருவில் கொடுத்ததுதான். ஈறில் தேய்த்து வீட்டிலேயே எச்ஐவி பார்த்துக்கொள்ளும் கிட். இன்னும் பிரிக்கவில்லை. "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்"னு அன்றைக்கு நர்சிடம் சிரித்தவர் இவர். அப்புறம் ஏன் ஒளிச்சு வைக்கணும்?

மார்ச் 5
கேட்கவில்லை. கேட்டால் ஒரு பொய் தயாராக வரும். கேரளாவுக்கு உப்பு லோடு போனால் எட்டு நாள். எங்கே படுக்கிறார்?

மார்ச் 7
காலையில் லோடு கிளம்பிவிட்டார். பெட்டியும் பையோடு போய்விட்டது. நர்சிடம் நானும் ஒன்று வாங்கினேன். "யாருக்கும்மா?" "எதிர்வீட்டுக்காரிக்கு." விளக்க வந்தவரை, உப்புப் பாத்தி வேலைக்கு நேரமாச்சு, தெரியும்க்கா என்று நிறுத்தினேன். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் இருக்கு. இதில் தெரிய என்ன இருக்கு?

மாலையில் குச்சியை ஈறில் தேய்த்து, கிட்டோடு வந்த மருந்துக் குழாயில் நட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். வாரிய உப்பை ஈரத்தோடு யார் தரம் பார்ப்பார்கள்? வடியட்டும். விடிந்ததும் பார்க்கலாம்.

மார்ச் 8
இரண்டு கோடு. இரண்டாவது மங்கல்தான். ஆனால் கோடு.
பாவி. என் தலையிலயும் கொண்டாந்து கொட்டிட்டியேடா!

மார்ச் 10
அரசு ஆஸ்பத்திரி, எச்ஐவி பார்க்கும் நம்பிக்கை மையம். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு இல்லை! "கிட்டை எப்பம்மா பார்த்தீங்க?" "மறுநாள் காலைல." கவுன்சிலர் தலையில் கைவைத்துக்கொண்டார். இருபது நிமிடத்தில் பார்க்க வேண்டுமாம். மறுநாள் தெரியும் கோடு செல்லாதாம். எதற்கும் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

சீ, அந்த மனுசனை என்னவெல்லாம் நினைத்தேன் என்று கூசிக்கொண்டே வெளியே வந்தேன். பெஞ்சில் என் வீட்டுக்காரன். கையில் டோக்கன்.
"இன்னா ஜான்சி, நீ எங்க இங்க?"
"லோடு போறேன்னுதானே சொன்ன?"
"பாதியில வந்துட்டேன். கிட்டுல ரெண்டு கோடு."
எனக்கு உயிர் வந்தது. "எவ்ளோ நேரம் வச்சிருந்தே? ராத்திரி பூராவா?"
"இல்லடி. நர்சு சொன்னாப்பல. இருபது நிமிசம்."

மார்ச் 12
அவனுக்கு உறுதியாகிவிட்டது. ஒரே தடவைதான் என்கிறான். நம்பவில்லை.

ஜூன் 11
எனக்கு மறுபடியும் இல்லை. அவனுக்கு மாத்திரை தவறாமல் நடக்கிறது. கோபம் தீரவில்லை, தீரும்போது தீரட்டும். இன்று கேரளா லோடு. மாத்திரை டப்பாவை நான்தான் பையில் வைத்தேன். வேறெதையும் துழாவாமல் ஜிப்பை இழுத்து மூடினேன்.