அணியத்தில் விட்ட வெள்ளை

தலைமன்னார்
ஞாயிறு பின்நேரம்

என் அன்பு அக்காவுக்கு,

தங்கச்சி றெபேக்கா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். மட்டக்களப்பில் நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். போனில் கதைக்க எனக்கு வராது, அப்பா வீட்டில் இருந்தால் அறவே வராது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு எழுதியதில்லை. நண்டுக் கம்பனி வேலையில் கையெல்லாம் முள்ளுக் குத்திக் கிடக்கிறது. எழுத்துக் கோணலென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது.

நீங்கள் கொழும்பில் லோயர் வேலையை விட்டு மட்டக்களப்புக்குப் படம் கீறப் போனதை அப்பா இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்னும் கொழும்பில் பெரிய வழக்குகள் பேசுகிறீர்கள் என்றே ஊர் நம்பியிருந்தது. போன கிழமை, கரையை மறித்து வேலி போட்டவர் மேல் வழக்குப் போட மீனவர் சங்கம் கூடியது. அப்பா எழும்பி, "என்ர மகள் வந்து பேசுவாள், வேற ஆளைத் தேடாதேங்கோ" என்றுவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

உங்களை நம்பியிருந்தால் கரை போய்விடுமே என்று பயந்துவிட்டேன். எழும்பி நின்று, "அக்கா வரமாட்டா. அவ இப்ப படம் கீறுறா, தானாப் பழகிறா" என்றேன். எமிலியானுஸ் மாமா, "அப்ப நீதவானுக்கும் ஒரு படம் கீறிக் குடுக்கச் சொல்லு பிள்ளை" என்றார். சனம் விழுந்து சிரித்தது.

சங்கம் மன்னாரில் வேறு லோயரைப் பிடித்துவிட்டது, அதை யோசிக்க வேண்டாம். அப்பாதான் என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணி வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்கிறார்.

அந்தோனியார் திருநாள் வருகிறது. பங்குச் சுவாமி படகுகளை மந்திரித்து ஆசீர்வதிக்க முன்னர் எல்லாரும் பெயின்ற் அடிக்கிறார்கள். அப்பாவும் நீலம் அடித்து முடித்துவிட்டார். அந்தோனியார் படம் கீறுகிற அணியத்தில், படகின் முன்மூக்கில் மட்டும், வெள்ளை பூசி விட்டிருக்கிறார். வருசா வருசம் அதைக் கீறுகிற எட்வேட் அண்ணை நேற்று வாளியோடு வந்தார். "இந்த முறை நீ வேண்டாம்" என்று அப்பா அனுப்பிவிட்டார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "காயட்டும்" என்றார். அது எப்போதோ காய்ந்துவிட்டது, அக்கா.

படமில்லாத படகை மந்திரிக்க அப்பா விடமாட்டார். மந்திரிக்காமல் கடலுக்கும் போகமாட்டார்.

உங்கள் கறுப்புக் கோட் அலுமாரியிலேயே இருக்கட்டும். தூரிகைகளை மட்டும் கொண்டு வாருங்கள். நீலம் மிச்சம் இருக்கிறது. அந்தோனியார் உங்களைப் பத்திரமாகக் கூட்டி வரட்டும்.

வழி பார்த்திருக்கும் தங்கை,
றெபேக்கா