பேச்சு நின்ற இடம்

12 பிப்ரவரி 1962, திங்கள்

நாலாம் வகுப்பில் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கை விரல்கள் தாமாகத் துடித்தன, வாய் கோணியது. ஒரு நிமிஷம் சொல்லே வரவில்லை. இது மூன்றாவது தடவை. தலைமையாசிரியர் ஆவுடையப்பன், "லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டோட இருங்க டீச்சர்" என்கிறார். தரமாட்டேன்.

19 பிப்ரவரி

நாத்தனார் பிரகதாம்பாள் மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். "யாரோ செஞ்சு வச்சிருக்காக அண்ணி." செய்வினை வைக்கிற அளவுக்கு என்னிடம் என்ன இருக்கிறதாம்? கயிற்றை வாங்கிக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டினேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

6 மார்ச், சென்னை

ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாகிறது. கழுத்தில் ஊசி குத்தி மருந்தேற்றிப் படம் எடுத்தார்கள். தலைக்குள் அடுப்பு மூட்டியதுபோல் ஒரு சூடு. படத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எடுக்காவிட்டால் வலிப்பு கூடும். எடுத்தால் பேச்சு போனாலும் போகலாம். மிச்சம் வைத்தால் மறுபடி வளரும். பேச்சுக்கான இடம் கட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். அதனால் மயக்கம் கிடையாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நான் பேசப் பேச அறுப்பார்கள். மூளைக்கு வலி தெரியாதாம்!

"பேச்சு நின்னா அந்த இடத்தைத் தொடாம விட்டுடுவோம். பேசிக்கிட்டே இருக்க முடியுமா?"

"அதுல ஒரு கொறையும் வராதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். வந்ததிலிருந்து அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

8 மார்ச்

சம்மதக் காகிதத்தில் அவர் கையெழுத்தே போதுமாம். தலை என்னுடையது ஆயிற்றே? அமராவதி என்று கீழே நானும் போட்டேன்.

முடியை மழித்தார்கள். கண்ணாடி கேட்டேன். நர்ஸ் பொன்னுத்தாய் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். என் காது இவ்வளவு பெரிதா? அழுதேன். பயமாகத்தான் இருக்கிறது. வாய் பேசாத டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? ஆனாலும் நாளைக்கு ஆபரேஷனுக்குப் போவேன். போவேன்தான்.

21 மார்ச்

எழுத முடிகிறது. எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். முகம் வீங்கி மூன்று நாள் கண் திறக்கவில்லை. ஒரு வாரம் சொல் தேடித் தேடித்தான் வந்தது. தண்ணீர் கேட்க நினைத்துக் கதவு கேட்டேன். உள்ளே வீக்கம், வடிந்தால் சரியாகும் என்றார்கள். வடிந்துகொண்டிருக்கிறது.

அன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும். எலும்பைத் துளைக்கும்போது வலியில்லை, பல்லெல்லாம் அதிர்ந்தது. தலைமாட்டில் ஒரு டாக்டர் உட்கார்ந்து படம் காட்டினார். பசு, குடை, கடிகாரம் – சொன்னேன். பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார். பாதியில் வாய் பூட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் எங்கேயோ தொட்டாராம். கையை எடுத்ததும் பேச்சு திரும்பியது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு, "உங்க வீட்டுக்காரர் பேரென்ன?"

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் புருஷன் பேரை வாயால் சொல்வாள்? கேட்பவர்களுக்கு எழுதித்தான் காட்டுவேன். அந்த மேசையில் கிடந்துகொண்டும் வெட்கம் வந்தது. மறுபடி கேட்டார். முழித்தேன்.

"பேச்சு நின்னுடுச்சு சார்."

"அப்ப இந்தப் பக்கம் வேண்டாம். மிச்சத்தை விட்டுடலாம்."

மிச்சமா! அடி அமராவதி, ஒன் வெக்கத்துக்காகக் கட்டி உள்ளயே கெடக்கவா?

"சோலையப்பன்! சோலையப்பன்! பேச்சு நிக்கலைங்க, நாந்தான் சொல்லல. எடுங்க, மிச்சம் வைக்காம எடுங்க!"

யாரோ சிரித்தார்கள். எடுத்தார்கள்.

14 ஏப்ரல், வீடு

வேளை தவறாமல் மாத்திரை. கிணற்றடிக்குத் தனியாகப் போகக்கூடாது. முக்காடு போடச் சொல்கிறாள் பிரகதாம்பாள், சுமங்கலி மொட்டைத் தலையோடு தெரியக்கூடாதாம். வெயிலுக்குப் போடுவேன், ஊருக்காகப் போடமாட்டேன்.

அறுக்கும்போது கூட இருந்த பொன்னுத்தாய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ரயிலிலேயே கேட்டார்: "எங்கே, இன்னொரு தரம் சொல்லு பாப்பம்." "போங்க" என்றேன்.

11 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தார்கள். "தையல் வகுப்பைப் பாத்துக்கங்க டீச்சர், பேசுற வேலை வேணாம்" என்றார் ஆவுடையப்பன். அவர் எதிரிலேயே நாலாம் வகுப்பின் ஆஜர் பட்டியலை எடுத்து நாற்பத்து மூன்று பேரையும் கூப்பிட்டேன். ராக்காயி என்கிற பெயர் மட்டும் சிக்கியது. நின்றேன். வந்தது. அவர் தம் அறைக்குப் போய்விட்டார்.

4 ஆகஸ்ட், சனி

மாத்திரை வாங்கப் புதுக்கோட்டைக்குப் போனோம். ஐந்து மாதமாக வலிப்பே இல்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அவர் பையோடு இலுப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டார், வண்டியும் கிளம்பிவிட்டது. "என்னங்க" என்றேன். நாலைந்து பேர் திரும்பினார்கள், அவர் திரும்பவில்லை.

"சோலையப்பன்!"

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பஸ் நின்றது. இறங்கி வந்தவர், "இம்புட்டுச் சத்தமாவா?" என்றார். எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை பஸ் அங்கிட்டு நிற்கிறது என்று கையைக் காட்டிவிட்டு, முன்னால் நடந்தேன்.