கேமராவில் நுழைந்த டீ

என் நம்பரை பிளாக் செய்துவிட்ட கணவருக்கு,

தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

நான் ஆன்லைனில் பி.ஏ. தேர்வு எழுதியதையும் அது ரத்தானதையும் வியாசர்பாடியே சொல்லிச் சிரிக்கிறது. என் வாயாலும் கேளுங்கள். அறையில் ஒருவர்தான் இருக்க வேண்டும், கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும் என்பது விதி. நம் ஹவுசிங் போர்டில் யார் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள்? பக்கத்து வீட்டு பூவம்மா டீயோடு நுழைந்து, என் தோளுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, படமா பாத்துகினு கீற? டீ ஆறிப்போவுது!"

காப்பியடிக்கிறேன் என்று தேர்வையே நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு விடை தெரிந்திருந்தால் நானே கேட்டிருப்பேனே!

"இந்த வயசுல உனக்கு காலேஜு ஒரு கேடா?" என்று கத்திவிட்டுத்தானே எண்ணூரில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள்? மறுபடியும் பதிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மாடிப்படியில் பூவம்மாவே காவல். "ஒரு ஈ உள்ள போவாதுக்கா" என்கிறாள்.

அறையில் நான் மட்டும்தான் இருக்க வேண்டும். அந்த உதவியை நீங்கள் முன்பே செய்துவிட்டீர்கள்.

திங்கட்கிழமை வருவதானால் வாருங்கள். கதவைத் தட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பாஸாகப் போகிறவள்