இரண்டு கைப்பிடி தொட்டி மண்

என் செல்லத்துக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் நலம் என்றுதான் போனில் சொல்கிறாய், சொல்லும் குரல் நலமாக இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அறைத்தோழி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். கருத்தரங்கில் பேசக் கிடைத்த வாய்ப்பை நீயே வேண்டாமென்று சொல்லிவிட்டாயாமே. காரணம் நான். நகரம் நெருக்க நெருக்க மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன, மேலே நிற்பது புல்லா புதரா மரமா என்பதைப் பொறுத்து எப்படி மாறுகின்றன என்று பார்க்க உன் ஆராய்ச்சிக்கு நம் ஊரில் நான்கு இடத்து மண் கேட்டாய். மூன்று இடத்தில் சிரமமில்லை. சாலை நடுவில் புதர் வைத்திருக்கும் திட்டில்தான், மண்ணா அது, கல்! கரண்டி வளைந்ததுதான் மிச்சம், பையில் நீ போட்டிருந்த அளவுக்கோடு வரை மண் நிரம்பவில்லை. குறைத்து அனுப்பினால் உனக்கு அங்கே தலைகுனிவாகுமே என்று பதறி, வீட்டு ரோஜாத் தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டேன். விருந்தாளிக்கு அரைத் தட்டு வைக்கக் கூச்சப்படுவோமே, அந்தப் புத்தி. அந்தப் பையில்தான் உயிர்கள் மொய்க்கின்றன என்று நீ துள்ளினாய், இத்தனை புகைக்கு நடுவிலும் நாலு புதர் இருந்தால் மண் பிழைத்துக்கொள்ளும் என்று எழுதினாய், நானும் அலுவலகத்தில் ஒருவரை விடாமல் பெருமையடித்தேன். போன மாதம் பேச்சுவாக்கில் தொட்டி மண்ணைச் சொல்லி நான் சிரித்தபோது நீ சிரிக்கவில்லை. அப்பா இன்னும் என்னை விட்டபாடில்லை, "நல்லவேளை, இல்லன்னா உன் ரோஜாத் தொட்டிக்கே டாக்டர் பட்டம் கொடுத்திருப்பாங்க" என்கிறார்.

நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மறுநாளே பேராசிரியர் முன்னால் போய் நின்று, "அம்மா மேல தப்பில்ல சார், ஏன் கலக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லித் தரல" என்றாயாமே. இருபத்தொரு வயதில் உன்னைப் பெற்று, ஒரு தும்மலுக்கும் நடுங்கி நடுங்கி வளர்த்தவள் நான், இந்த நெஞ்சுரம் என்னிடமிருந்து வந்ததில்லை கண்ணு. முன்பு பெருமையடித்த அத்தனை பேரிடமும் மறுபடி போய் இதையும் சொன்னேன். எங்கள் மேலாளரம்மா, "முதல்ல சொன்னதைவிட இதுதாங்க பெரிய சேதி" என்றார், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நேற்று மறுபடி அந்தத் திட்டுக்குப் போனோம். நான் தோண்ட, அப்பா கையை நீட்டி வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு நின்றார். போக்குவரத்துக் காவலர் வந்து, "என்னம்மா, புதையலா?" என்றார். நுண்ணுயிர் என்றேன். "கடிக்குமா?" என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஒரு மணி நேரத்தில் கால் பைதான் தேறியது, அப்படியே கட்டிக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். நீ எழுதியதற்கு நேர்மாறாக வந்தாலும் வரட்டும், வந்ததை எழுது. மேடை எங்கேயும் ஓடிவிடாது. மனம் குளிர, உடல் குன்றாமல் நீ நெடுங்காலம் வாழவேண்டும். கதவை மறக்காமல் தாழிட்டுப் படு. மண்ணோடு ஒரு தாள் வரும், நீ கேட்ட விவரங்களை அதில் எழுதியிருக்கிறேன். திட்டில் அந்தப் புதர்களை எந்த வருஷம் நட்டார்கள் என்ற கட்டத்தில் மட்டும், உத்தேசமாக ஏதாவது போட்டுவிடலாமா என்று கை போனது. போடவில்லை, 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா