உன் லேப்டாப்பில் மீதி ஐந்து ஜிபி

மச்சான்,

இன்று காலை நம் கம்ப்யூட்டர் கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உன் அக்கா உன் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கையில் வாங்கினேன், சுட்டது. சூடான தூசியும் சாம்பிராணியும் கலந்த வாடை. உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்துதான் பதினாறு முடிஞ்சுது தம்பி. அவனுக்கு ஏத்துன விளக்கையும் நான் அணைக்கல, இதையும் அணைக்கல. பக்கத்துலயே வெச்சிருந்தேன். படமெல்லாம் எடுத்துட்டு நீயே அடைச்சிடு லா" என்றார்.

பதினாறாம் நாள் வரை விளக்கு அணையக் கூடாது என்பது நம் தோட்டத்து வழக்கம். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, நாம் ஈப்போ நகருக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் அது போகவில்லை. ஆனால் அதை லேப்டாப்புக்கும் சேர்த்துக் கடைப்பிடித்தவர் உலகத்திலேயே உன் அக்கா ஒருவர்தான். சிரிக்கத்தான் நினைத்தேன், வரவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: "அவன் போன அன்னிக்கு நான் குசினியில பிளெண்டர் போட்டிருந்தேன். அவன் என்னைக் கூப்பிட்டிருப்பானோ? எனக்குத்தான் காதுல விழலையோ? அதை நெனச்சா தூக்கமே வரல தம்பி."

நான் பெருமூச்சு விட்டுத் திரையைப் பார்த்தேன். போட்டிருப்பது எட்டு ஜிபி ரேம், விண்டோஸ் பயன்படுத்துவது மூன்று. இதற்காகத்தானே எத்தனை பேர் நம் கடைக்கு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள்! பழைய முப்பத்திரண்டு பிட் விண்டோஸ் நான்குக்கு மேல் எட்டிப் பார்க்காது, அதிலும் திரைக்கென்று ஒரு பங்கு போய்விடும் என்று நான் தொண்டை வற்ற விளக்குவேன். நீ ஒரே வரியில் முடிப்பாய்: "எட்டு ரூம் கட்டுனீங்க, மூணுக்குத்தான் சாவி இருக்கு." மீதி ரூமில் யார் இருக்கிறார்கள் என்று ஓர் ஆசாமி கேட்டதற்கு, "இப்போதைக்கு யாரும் இல்ல லா" என்றாய். அந்த மனிதர் முகம் போன போக்கு!

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. விண்டோஸ் தொடாத மீதி ஐந்து ஜிபியை நீ ஒரு தனி டிரைவாக மாற்றியிருந்தாய். உனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க, சத்தம் கேட்டால் தானாக அதில் பதிவாகும்படி வைத்திருந்தாய். "மெஷினை அடைச்சா எல்லாம் அழிஞ்சிரும் மச்சான். அக்காவுக்குத் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிரும்." சொல்லிவிட்டு நீதான் சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டிரைவைத் திறந்தேன். உள்ளே நூற்றுக்கணக்கில் பதிவுகள். கடைசியாக இருந்ததை ஹெட்போனில் கேட்டேன். "அதை நெனச்சா தூக்கமே வரல தம்பி." அடுத்து யாரோ பெருமூச்சு விடும் சத்தம். அந்த மூச்சு என்னுடையது. பட்டப்பகலில் கை மயிர் சிலிர்த்துவிட்டது. நீ போன பிறகும் உன் மெஷின் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பிறகு நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடினேன். மூன்று மணிக்கு வாரேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, நான் லூமுட் கடற்கரையில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

குறட்டை. நின்றது. மறுபடி குறட்டை, தூரத்தில் பிளெண்டர். மறுபடி நின்றது, இந்த முறை நெடுநேரம். பிறகு தூக்கக் கலக்கமே இல்லாத உன் குரல்:

"மச்சான், வந்துட்டியா?"

நாற்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம்.

"உக்காரு லா."

மெல்லச் சிரித்தாய். அவ்வளவுதான். அடுத்த பதிவில் அக்கா, "டேய், தேத்தண்ணி ஆறுது பாரு" என்கிறார். பிறகு அலறல். அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு யாருமே வரவில்லை என்று சாவு வீட்டிலேயே அக்கா சொல்லியிருந்தார்.

ஹெட்போனைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்து அக்கா எழுந்துவிட்டார்.

"உங்களைக் கூப்பிடலக்கா" என்றேன். "இதுல பதிவாயிருக்கு, கேட்டுட்டேன். உங்களைக் கூப்பிடவே இல்ல."

"நெசமாவா?"

"உங்க மேல ஆணை."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பதினாறு நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்த அழுகை. தானும் கேட்கவேண்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். படங்களை மட்டும் பிரதி எடுத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். விசிறி நின்றது. திரும்பப் போட்டபோது அந்த டிரைவ் துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருந்தது.

உன்னைக் கேட்காமல் அழித்ததற்கு மன்னித்துவிடு. அந்தக் குரல் இனி என் காதில் மட்டும்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு வராத குற்றமும் அதோடு சேர்ந்தே இருக்கும். யாராக இருந்தாலும், நான் வராத நேரத்தில் ஒருவன் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நன்றி சொல்வதா, அவனை நினைத்துப் பயப்படுவதா, எனக்குத் தெரியவில்லை மச்சான்.