கன்னிமார் பக்கத்தில் நட்ட கம்பம்

வளப்பூர் நாடு,
ஐப்பசி கடைசி வெள்ளி

என் கண்ணு பூங்குழலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, தம்பி கார்த்தி, கட்டுத்தறியில் மாடு, மரத்தில் மிளகுக்கொடி எல்லாம் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ சரிம்மா சரிம்மா என்று ஆரம்பித்துவிடுவாய், இது சரிம்மாவில் முடிகிற சேதி இல்லை. கம்பம் நிலைத்துவிட்டது கண்ணு! வெள்ளம் வருவதை முன்னாடியே சொல்கிற நம் ஓடைக் கம்பத்தைக் கழற்றப் போவதில்லை, அது இங்கேயேதான் இருக்கும் என்று மாவட்ட ஆபீசில் இருந்து நேற்றுச் சொல்லிவிட்டார்கள். எனக்கு நேற்றிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை, உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறேன். உங்கப்பா என்னைப் பார்த்து உனக்கு என்னமோ பிடிச்சுக்கிச்சு என்று சிரிக்கிறார், சிரிக்கட்டும், அந்தக் கம்பத்தை வைத்து அவர் பண்ணிய கூத்தையும் உனக்குச் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். போன தடவை நீ வந்தது உனக்கு மறந்திருக்காது, எனக்குச் சாகும்வரை மறக்காது. உன் கம்பெனி லீவு கொடுப்பது கார்த்திகையில், இங்கே மழை கொட்டுவதும் கார்த்திகையில். எங்கேயோ இருக்கிற நெதர்லாந்தில் இருந்து சென்னை வந்து, நாமக்கல் வந்து, மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி, செம்மேட்டையும் தாண்டி, நம் ஊருக்கு வெளியே தரைப்பாலம் வரைக்கும் வந்துவிட்டாய். பாலத்துக்கு மேலே வெள்ளம். அக்கரையில் நீ பெட்டியோடு, இக்கரையில் நான் குச்சிக்கிழங்கு வேகவைத்த தூக்குப்போசியோடு. என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை. ரெண்டு நாள் செம்மேட்டில் ரூம் எடுத்துப் பார்த்துவிட்டு, லீவு முடிந்தது என்று வீட்டு வாசலை மிதிக்காமலே திரும்பிப் போனாய். போய்ச் சேர்ந்து போன் பண்ணியபோது இனிமேல் என்னால் இப்படி வர முடியாதும்மா என்று சொன்னாய். நான் சரி சாமி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேனே தவிர, அன்றைக்கு முழுக்க அழுதேன். அதற்குப் பிறகுதான் இந்த வார்டு மெம்பர் பதவியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்று கிளம்பினேன்.

பாலத்தை உயர்த்திக் கட்டுங்கள் என்று கேட்டால் அதற்குக் காலம் ஆகும் என்றார்கள். சரி, வெள்ளம் வருவதையாவது முன்னாடியே சொல்லுங்கள், பஸ்சும் ஆம்புலன்சும் வழி தெரிந்து வரட்டும் என்று கேட்டேன். அப்போதுதான் ஒரு விசயம் புரிந்தது. பாலம் ஒரு ஆபீசுக்கு, பஸ் இன்னொரு ஆபீசுக்கு, ஓடையின் ரெண்டு கரையும் காட்டிலாகாவுக்கு, ஊருக்குள் வருகிற பாதை ஊராட்சிக்கு. ஓடை மட்டும் யாருக்கும் சொந்தமில்லை, அதனால்தான் அது இஷ்டத்துக்கு ஓடுகிறது என்று நான் கிராம சபையிலேயே சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் மாவட்ட ஆபீசில் இருந்து வந்திருந்தவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவர் மூலமாகத்தான் கீழே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் இருந்து வித்யாஸ்ரீ என்கிற பெண் வந்தாள். உன்னைவிட ரெண்டு வயது சின்னவளாக இருப்பாள், வாய் உன்னைவிடப் பெரியது. அவள் செய்ததுதான் இந்தக் கம்பம். பாலத்துக்கு வெகு மேலே, கன்னிமார் கற்கள் இருக்கிற மேட்டில் நட்டாள், ஏனென்றால் அங்கேதான் போன் சிக்னல் கிடைக்கிறது. கம்பத்தில் இருந்து ஓடைக்கு மேலே ஒரு கை நீண்டிருக்கும், கையின் நுனியில் ஒரு பெட்டி, பெட்டிக்கு அடியில் ஒரு கண். அந்தக் கண் தண்ணீரைப் பார்த்துச் சத்தம் கொடுக்குமாம், சத்தம் திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்குமாம். தண்ணீர் குறைவு என்றால் பச்சை, ஏறினால் சிவப்பு. அந்தச் செய்தி ஊர்க்காரர் போனுக்கும் பஸ் டிப்போவுக்கும் ஆம்புலன்சுக்கும் ரோட்டு ஆபீசுக்கும் ஒரே நேரத்தில் போகும். ஆனால் மழைக்காலம் வரைக்கும் சோதனைதான், சரிப்படவில்லை என்றால் கழற்றி வேறு மலைக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லித்தான் நட்டார்கள். அதனால் புரட்டாசி பிறந்ததிலிருந்து நான் போனைக் கையை விட்டு இறக்கவில்லை.

இப்போது உங்கப்பா கூத்துக்கு வருகிறேன். இந்த வருசம் கன்னிமார் பூசை முறை நம் வீட்டுக்கு. புரட்டாசி அமாவாசை அன்று பூசைக்குப் போனவர், கன்னிமார் பக்கத்தில் ஒன்றை நட்டுவிட்டு அதை மொட்டையாக விடுவதா, மழைக்கு முன்னால் அதற்கும் செய்ய வேண்டியதைச் செய்தால்தானே நல்லது என்று நினைத்திருக்கிறார். ஏணி போட்டு ஏறி, சோலார் தட்டு முழுக்க மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அந்தக் கையில் ஒரு மஞ்சள் துணியையும் கட்டிவிட்டு வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. துணியின் முந்தி ராத்திரிக் காற்றில் நகர்ந்து, சரியாக அந்தக் கண்ணுக்கு நேர் கீழே தொங்கியிருக்கிறது. மறுநாள் சந்தை நாள். விடிந்ததும் ஊரில் இருக்கிற போன் எல்லாம் ஒன்றாக அலறுகிறது, சிவப்பு, வெள்ளம், பஸ் வராது என்று. கார்த்தி ஓடிப்போய் ஓடையைப் பார்த்தால் கணுக்கால் தண்ணீர், அதில் ஒரு எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் பஸ் செம்மேட்டிலேயே நின்றுவிட்டது, ஆம்புலன்சைச் சுற்றுவழிக்குத் திருப்பிவிட்டார்கள், சந்தைக்குக் கட்டிவைத்த கிழங்கும் வாழைத்தாரும் வாசலிலேயே கிடந்தன. ஊரே என்னைப் பார்த்தது. உன் கம்பம் இருக்கே அத்தாயி, எங்களைப் பட்டப்பகல்ல முட்டாளாக்கிப்போட்டதே என்று கேட்டார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

நடுப்பகலுக்குள் எல்லா ஆபீசில் இருந்தும் ஆள் வந்துவிட்டார்கள். நான் மனு மேல் மனு கொடுத்தும் ஒரு இடத்தில் சேராதவர்கள், உங்கப்பாவின் ஒரு முழத் துணிக்கு ஒரே மேட்டில் வந்து நின்றார்கள் கண்ணு! கீழிருந்து வண்டியில் வந்த வித்யாஸ்ரீ கம்பத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். ஆனால் நல்ல பெண், முதலில் செருப்பைக் கழற்றினாள். ஐயா, கட்டினது நீங்க, நீங்களே அவுத்துக் கொடுத்திருங்க என்று கேட்டாள். இந்தக் கண்ணு கீழே கூப்பிட்டுத் தண்ணி பதில் சொல்லும்னு காத்திருக்குதுங்க, தண்ணிக்கு முந்தி உங்க துணி பதில் சொல்லிருச்சு என்று அவள் சொன்னபோது உங்கப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி. ஒருத்தர் சுற்றிலும் முள்கம்பி வேலி போடலாம் என்றார். இன்னொருத்தர் இந்த ஊருக்குச் சரிப்படாது, கழற்றிவிடலாம் என்றே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலி போட்டா ஏறிக் குதிச்சுப் போய்ப் பூசுவாங்க சார், எங்க சனத்தை எனக்குத் தெரியும், மஞ்சள் பூசறது அது நல்லா இருக்கணும்னுதான், கெட்டுப்போகணும்னு இல்லீங்க என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. கம்பத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லை நடுவோம், மஞ்சள், பொட்டு, துணி எல்லாம் கல்லுக்கு. கன்னிமார் பூசை முறை எந்த வீட்டுக்கோ கம்பத்து முறையும் அந்த வீட்டுக்கே. பூசைக்குப் போகிறவர் சோலார் தட்டைத் துடைத்து, கண்ணுக்குக் கீழே இலை தழை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிவப்பு வந்தால் மேட்டுக்குப் போய் நேரில் பார்த்து நிஜமா இல்லையா என்று சொல்ல வேண்டும். வித்யாஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டு இதை நான் யோசிக்கவே இல்லீங்க அக்கா என்றாள். எல்லா ஆபீசுக்காரர்களும் அங்கேயே நின்று ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்கள், நம் வீட்டுச் சுக்குக் காப்பியையும் குடித்தார்கள். இருந்தாலும் மாவட்ட ஆபீசுக்காரர் போகும்போது, இன்னொரு தடவை பொய் சொன்னால் கம்பத்தைக் காப்பாற்ற என்னால் முடியாதும்மா என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதற்கப்புறம் போன சந்தை நாள் வரைக்கும் பச்சையாகவே வந்தது. அன்று செம்மேட்டில் சந்தை முடித்து மதியப் பஸ்சில் வந்துகொண்டிருந்தோம். அரை நாள் பள்ளிக்கூடம், அதனால் பஸ் முழுக்கப் பிள்ளைகள். சுள்ளென்று வெயில், வானம் கழுவிவிட்ட மாதிரி. பாலத்துக்கு முன்னால் இருக்கிற டீக்கடையைத் தாண்டும்போது எல்லார் போனும் அலறியது, சிவப்பு. பஸ்சே கொல்லென்று சிரித்தது. குழந்தைசாமி மறுபடியும் துணி கட்டிட்டாருடோய் என்று பின்சீட்டில் இருந்து உங்கப்பாவைக் கேலி பண்ணி ஒரு குரல். டிரைவர் காளியண்ணன் வண்டியை நிறுத்தி, ஏனுங்க அக்கா, ஒரு பொட்டு மேகம் இல்லீங்க, பாலத்துல தண்ணி நனைக்கக்கூட இல்லீங்க, போயிரட்டுங்களா என்று கேட்டார். நான் நிறுத்தச் சொல்லி வெள்ளம் வரவில்லை என்றால் கம்பம் போய்விடும். போகச் சொல்லி வந்துவிட்டால் பிள்ளைகள். முறைப்படி மேட்டுக்கு ஓடியிருந்த உங்கப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவர் மூச்சு வாங்க, துணி இல்ல, தழை இல்ல, கண்ணு சுத்தமா இருக்குது, தண்ணி செக்கச்செவேல்னு வருது, மேல எங்கியோ கொட்டிருக்குது, வராதீங்க என்று கத்தினார், அதற்குப் பிறகு ஓடைச் சத்தத்தில் அவர் குரல் கேட்கவில்லை. சொன்னேன், பஸ்சில் யாரும் நம்பவில்லை, ஊட்டுக்காரர் சொன்னா நீ நம்பு, நாங்க ஊட்டுக்குப் போகணும் என்று ஒரு கிழவர் எரிச்சலாகச் சொன்னார். நான் இறங்கிப் போய்ப் பஸ்சுக்கு முன்னால் நின்றுவிட்டேன். காளியண்ணன் ஹாரன் அடித்தார். நான் சந்தைப் பையை ரோட்டில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன், உள்ளே தக்காளி பாதி நசுங்கியது, மீதி ரோட்டில் உருண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. திட்டு மட்டும் காதில் விழுந்தது. பிறகு காட்டுக்குள் இருந்து ஒரு இரைச்சல், லோடு லாரி இறக்கத்தில் வருகிற மாதிரி. திரும்பிப் பார்க்கிறேன், முழு மூங்கில் புதரே வேரோடு தண்ணீரில் புரண்டு வந்து பாலத்தில் மோதி மேலேறிப் போகிறது. பாலம் எங்கே என்றே தெரியவில்லை. அந்த வெயிலில் அப்படி ஒரு வெள்ளம்! காளியண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இனிமே அது சொன்னா நான் நின்னுக்கறேனுங்க அக்கா என்றார். எரிச்சலாகப் பேசிய கிழவர்தான் சிதறிக் கிடந்த தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்து பச்சை வந்தது, உங்கப்பா மேட்டில் இருந்து போன் பண்ணிச் சரி என்று சொன்ன பிறகுதான் பஸ் பாலத்தில் ஏறியது. அதைப் பார்த்துத்தான் நேற்று முடிவு சொன்னார்கள், கம்பம் இங்கேயே இருக்கும், பக்கத்து ஓடைகளுக்கும் வைப்பார்கள், அங்கேயும் பூசை முறைக்காரர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். உங்கப்பா இப்போது கம்பத்துக்கே முதல் பூசாரி மாதிரி நடக்கிறார், பிடிக்க முடியவில்லை. உங்கள் ஊரில் கடலையே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, எங்களால் ஓடையைக் கட்ட முடியவில்லை, ஆனால் அது என்ன நினைக்கிறது என்று முன்னாடியே கேட்டுக்கொள்கிறோம் என்று உன் ஆபீசில் சொல்லு.

கடைசியாக ஒன்று. செய்தி இன்னும் யார் யாருக்குப் போக வேண்டும் என்று வித்யாஸ்ரீ விட்டுப்போன ஊர்க்காரர் நம்பர் எல்லாம் கேட்டாள். எல்லாம் கொடுத்துவிட்டு உன் நம்பரையும் கொடுத்தேன். இது வெளிநாட்டு நம்பராச்சே அக்கா, அவங்க அங்க இருந்துக்கிட்டு இந்தப் பாலத்தை வெச்சு என்ன பண்ணுவாங்க என்று கேட்டாள். அவ ஒருக்கா அக்கரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவ கண்ணு, வழி திறந்திருக்குன்னு அவளுக்குத் தெரியணும் என்று சொன்னேன். அவள் அங்கேயே அதை ஏற்றிக்கொண்டாள். இனி தினமும் இங்கே விடியும்போது உனக்கு ஒரு செய்தி வரும், உனக்கு அது தூங்குகிற நேரம், போனை ஊமையாக்கி வைத்துக்கொள், ஆனால் அழித்துவிடாதே.

இத்தோடு மிளகும் சாமை அரிசியும் வைத்திருக்கிறேன், மிளகை ஈரம் படாமல் வை. தலைக்கு எண்ணெய் வை, வேலை வேலை என்று இரவுச் சாப்பாட்டை விடாதே. கன்னிமார் உன் பக்கமே இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நல்லா இரு சாமி. கார்த்திகை லீவுக்கு எழுதிக் கொடுக்க மறந்துவிடாதே. வழி திறந்திருந்தால் செய்தியில் மூணே வார்த்தைதான் இருக்கும், பச்சை, பஸ் வரும் என்று. அனுப்புவது கம்பம்தான், ஆனால் படிக்கும்போது அம்மா குரலில் படி.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
கு. அத்தாயி