முகம் தெரியாத வேட்பாளர்

மார்ச் 3

அக்காவின் கிளினிக்கில் இன்று நான்தான் டோக்கன் கொடுத்தேன். நாய், பூனை பார்க்கும் டாக்டர் நகரசபைத் தேர்தலில் நிற்கிறாள் என்று சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. வந்தவர்கள் யாரும் ஓட்டைப் பற்றிப் பேசவில்லை. தையல்காரர் மட்டும் போகும்போது, "உங்க அக்கா தங்கமான டாக்டர்தான். ஆனா தெருவுல பார்த்தா ஒரு சிரிப்பு கிடையாது. கொஞ்சம் தலைக்கனம்" என்றார்.

தலைக்கனம் இல்லை. அக்காவுக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை. பிறவியிலேயே அப்படி. குரலை வைத்து, நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பாள். பேசாமல் எதிரே நின்றால் அம்மாவே அவளுக்கு யாரோ ஒரு பெண். நாய்கள் பரவாயில்லை – புள்ளி இருக்கும், வால் இருக்கும்.

இது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மார்ச் 6

எப்படிப்பட்டவர் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டேன். நேர்மையானவர் என்றார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது இன்னொன்று சேர்ந்தது: "நம்மளைத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

எதிர்த்து நிற்பவரைத் தோள்தட்டி என்போம். பார்த்தவர் தோளையெல்லாம் தட்டுவார். பதவியில் இருந்த காலத்தில் ஒரு சாக்கடையைக்கூட மூடவில்லை. யார் மாமியாருக்கு முட்டிவலி என்று மட்டும் தெரியும்.

மார்ச் 9

வழி கிடைத்துவிட்டது. அக்காவுக்குச் சற்றுப் பின்னால் நின்று, ஆள் வரும்போதே முணுமுணுக்கிறேன். "தபால்காரர். மகளுக்குக் கல்யாணம்."

"கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றாள் அக்கா. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளா நிக்கறீங்க. சுவரொட்டியில ரெண்டு படமா போட்டுடலாம்" என்று மாமா கிண்டல். அக்கா சிரிக்கவில்லை.

"இது ஏமாத்து இல்லையாடி?"

"அக்கறை உன்னோடது. ஞாபகம் மட்டும்தான் என்னோடது."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 10

பலிக்கிறது.

மார்ச் 14

என் தப்பு. முழுக்க என் தப்பு.

சந்தையில் ரொட்டிக்கடைக்காரர் எதிரே வந்தார். போன மாதம் மனைவியை இழந்தவர். முணுமுணுத்தேன். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க இல்லாத வீட்டுக்குள்ள எப்படி நுழையறீங்களோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்." கண்ணில் நீர்.

அவர் திருதிருவென்று விழித்தார். பின்னாலிருந்து தக்காளிப் பையோடு ஒரு பெண், "எவ இல்லாத வீடு? நான் இங்கதானே நிக்கறேன்!"

வந்தது ரொட்டிக்கடைக்காரரின் தம்பி. அதே மூக்கு, அதே வழுக்கை.

சந்தையே சிரித்தது. அக்காவை இழுத்தேன். நகரவில்லை.

"எனக்கு யார் முகமும் மனசுல நிக்காதுங்க. பிறந்ததுலேருந்து அப்படித்தான். தங்கச்சி பின்னால நின்னு சொல்லிக்கொடுத்தா. மன்னிச்சிடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

ஏன்க்கா சொன்னே? இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதா?

மார்ச் 15

தோள்தட்டி ஒலிபெருக்கியில் கேட்கிறார்: "உங்களை அடையாளமே தெரியாதவங்க உங்களுக்கு என்ன செய்வாங்க?"

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 17

தக்காளிப் பைப் பெண் பூனையோடு கிளினிக்குக்கு வந்தாள். "டாக்டர், நான்தான் நீங்க சாகடிச்ச ஆளு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பூனைக்கு ஊசி போட்டதும் அந்தப் பெண் கேட்டாள்:

"அன்னைக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சே, நிஜமா?"

"நிஜம்தான்."

"யாருக்காக? செத்தவளையும் உங்களுக்குத் தெரியாது, அவரையும் தெரியாது."

"பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருத்தருக்காக."

"யாரா இருந்தாலும் வருமா?"

"வரும்."

"அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். கோபமில்லாமல்.

எனக்கும். யாருக்காகவும் வரும் கண்ணீர் – நீதிபதிக்கு அது குணம். பக்கத்து வீட்டாருக்கு அது குறை. ஓட்டுப் போடும்போது நாம் தேடுவது இதில் யாரை?

மார்ச் 21

வாக்களித்தேன். கை கொஞ்சம் தயங்கியது. அக்காவுக்குத்தான்.

மார்ச் 23

தோற்றோம்.

தோள்தட்டி வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். நான் முணுமுணுக்கவில்லை. "தட்டின தட்டுலயே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அக்கா பிறகு.

மார்ச் 25

கிளினிக்கில் எப்போதும்போல் கூட்டம். உள்ளே வருகிறவர்கள் தாங்கள் யாரென்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் ஒருவர் நாயைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"சலவைக்கடை, டாக்டர். ஓட்டு அவருக்குத்தான் போட்டேன். உங்ககிட்ட மறைக்க மனசு வரல. இது நேத்துலேருந்து சாப்பிட மாட்டேங்குது."

அக்கா நாயின் வயிற்றில் கை வைத்தாள்.

"தண்ணி குடிக்குதா?" என்றாள்.